தீவு வந்தால் மீன் வருமா?

தமிழ்நாட்டில் எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசும் விஷயங்கள் சொற்பம். அவற்றில் முதலாவது கச்சத்தீவு. தாரைவார்த்த தீவை மீட்டால் மீனவர் துயரம் தீரும் என்று ஆளுங்கட்சி சொல்கிறது, எதிர்க்கட்சி சொல்கிறது, புதிதாகக் கட்சி தொடங்குகிறவரும் இரண்டாவது மாநாட்டுக்குள் சொல்லிவிடுகிறார். 1991-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஏப்ரல் 2 அன்று மறுபடியும் போட்டது. ஜெயலலிதா 2008-இல் உச்ச நீதிமன்றம் போனார், கருணாநிதி 2013-இல் போனார். 2024 மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது பிரதமரே அந்தப் பேச்சைக் கையில் எடுத்தார். ஐம்பது ஆண்டுகளாக எவரும் எதிர்த்துப் பேசத் துணியாத இந்தக் கருத்து தவறானது. கடலுக்குப் போய்ச் சிறைப்பட்டுத் திரும்புகிறவனுக்கு அது கெடுதலும் செய்கிறது.

கச்சத்தீவுக் கோரிக்கையில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1974 ஜூன் மாதம் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் கையெழுத்திட்டபோது, ராமநாதபுரம் ஜமீனின் பகுதியாக இருந்த ஒரு தீவைப் பற்றித் தமிழ்நாட்டின் ஒப்புதல் கேட்கப்படவில்லை. நாட்டின் நிலத்தை வேற்று நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும் என்று பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-லேயே சொல்லியிருந்தது. அந்த வழியில் போகாமல், ‘இது உரிமை முடிவாகாத இடம், எனவே கொடுத்ததாகாது’ என்று டெல்லி விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தை நானும் நம்பவில்லை. இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைச் சுட்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் நெடுந்தீவுப் பக்கம் கடற்படைக் கப்பல் மோதி விசைப்படகு மூழ்கியதில் உயிர் போயிருக்கிறது. நிராயுதபாணிகளின் மேல் நடந்த இந்த அத்துமீறல்களுக்கு எந்தக் கடல் சட்டத்திலும் மன்னிப்பு இல்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் கேள்வி மிச்சமிருக்கிறது. தீவு நாளைக்கே நம் கைக்கு வந்துவிட்டால், மறுநாள் என்ன மாறும்?

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு யோசிப்போம். கச்சத்தீவு 285 ஏக்கர். குடிக்கத் தண்ணீர் இல்லை, குடியிருப்பு இல்லை. 1974-இல் வரைந்த எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைல் தள்ளிப் போகிறது. தீவிலிருந்து கிழக்கே நெடுந்தீவு சுமார் 24 கிலோமீட்டர். தீவு இந்தியாவுக்கு என்றாகி, அதற்கு முழு மதிப்புக் கொடுத்துக் கோட்டைத் திருத்தி, கச்சத்தீவுக்கும் நெடுந்தீவுக்கும் நட்டநடுவில் போட்டாலும் நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரு பன்னிரண்டு, பதினான்கு கிலோமீட்டர் அகலக் கடல். அதுவும் அந்தத் தீவைச் சுற்றி மட்டும்தான். ஆளில்லாத சிறு தீவுகளுக்கு எல்லை வரையும் நீதிமன்றங்கள் முழு மதிப்புக் கொடுப்பது அபூர்வம் என்பதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

இனி, நம் படகுகள் எங்கே பிடிபடுகின்றன என்று பாருங்கள். ‘நெடுந்தீவு அருகே’ என்ற சொற்றொடரைச் செய்தித்தாள் படிக்கும் தமிழன் மனப்பாடமாக அறிவான். அதற்கு அடுத்தபடி தலைமன்னார், காரைநகர். நாகப்பட்டினம், காரைக்கால் படகுகள் என்றால் பருத்தித்துறை, சில சமயம் முல்லைத்தீவு. கச்சத்தீவிலிருந்து பருத்தித்துறை கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். முல்லைத்தீவு பாக் விரிகுடாவிலேயே இல்லை, அது வங்கக் கடற்கரை. கச்சத்தீவு நமதாக இருந்திருந்தாலும் பருத்தித்துறையில் பிடிபட்ட நாகைப் படகு பிடிபட்டே இருக்கும். கோடிக்கரைக்கு வடக்கே கடலுக்குப் போகிறவனுக்கும் கச்சத்தீவுக்கும் எந்த ஒட்டும் இல்லை. ஆனாலும் நாகையில் நடக்கும் ஆர்ப்பாட்டப் பதாகையிலும் முதல் வரி கச்சத்தீவுதான்.

‘வலை உலர்த்தும் உரிமை போயிற்றே’ என்பது அடுத்த புலம்பல். மேடையில் இதைச் சொல்லும்போது கேட்பவர் நெஞ்சு இளகும். 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம் என்கிறது. தீவில் வலை உலர்த்தியது பருத்தி நூல் வலைக் காலத்தில். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பருத்தி மட்கிவிடும். வெயிலில் விரித்தே ஆக வேண்டும். நைலான் வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. இன்றைய விசைப்படகின் மடிவலை பிளாஸ்டிக் இழை. அதை உலர்த்த எவரும் 285 ஏக்கர் தேடுவதில்லை. பேரன் காலத்து மீனவனுக்காகத் தாத்தா காலத்து வலைக்கு நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தீவில் உண்மையிலேயே உயிரோடிருக்கும் உறவு அந்தோணியார் கோயில். நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோயில் அது. ஆண்டுதோறும் திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் போகிறார்கள். 2024-இல் ராமேஸ்வரம் மீனவர்கள் அந்தத் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். காரணம், படகு ஓட்டிகளுக்கு இலங்கை நீதிமன்றம் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. தீவுக்குப் போக அனுமதி இருந்தது, அவர்களே வேண்டாம் என்றார்கள். தங்களுக்கு நோவு எங்கே இருக்கிறது என்று மீனவர்களுக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை.

தீவுவாதிகளின் வாதங்களில் உண்மையான வலு உள்ளது ஒன்றுதான்: பாரம்பரிய மீன்பிடி உரிமை. ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் ஒன்றன் நீர்ப்பரப்பில் மற்றொன்று பாரம்பரியமாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. மீன்பிடி உரிமை காக்கப்பட்டிருக்கிறது என்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண்சிங் நாடாளுமன்றத்தில் உறுதியும் சொன்னார். இரண்டே ஆண்டில், 1976 மார்ச்சில், மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுத்த இரண்டாவது ஒப்பந்தத்தோடு சேர்த்து வெளியுறவுச் செயலாளர்கள் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். இந்தியப் படகுகள் இலங்கையின் வரலாற்று நீர்ப்பரப்பிலோ பிராந்தியக் கடலிலோ பொருளாதார மண்டலத்திலோ மீன் பிடிக்காது என்று அந்தக் கடிதம் சொன்னது. ஒப்பந்தத்தில் கொடுத்ததைக் கடிதத்தில் பறித்தார்கள். அன்று நாடு நெருக்கடி நிலையில் கிடந்தது, தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கேட்க ஆளில்லை. கோபப்பட வேண்டிய ஆவணம் ஒன்று உண்டென்றால் இந்தக் கடிதம்தான். இதில் கச்சத்தீவின் பெயரே இல்லை.

அதே 1976 ஒப்பந்தத்தில் கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வெட்ஜ் பேங்க் என்ற மீன்வளம் மிக்க கடல்மேடு இந்தியாவுக்கு வந்தது. அங்கே காலங்காலமாக மீன் பிடித்துவந்த இலங்கைப் படகுகளில் ஆறுக்கு மட்டும் மூன்று ஆண்டு அனுமதி கொடுத்து, பிறகு கதவைச் சாத்தினோம். கச்சத்தீவுக் கூட்டங்களில் வெட்ஜ் பேங்க் என்ற பெயரை யாரும் உச்சரிக்கக் கேட்டிருக்கிறீர்களா?

சரி, பாரம்பரிய உரிமை. எது பாரம்பரியம்? பாக் விரிகுடாவில் சங்கு குளித்தவர்கள் இருந்தார்கள். அதன் சங்குப்படுகை யாருக்கு என்ற வழக்கு 1904-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. பாய் கட்டிய வள்ளங்கள் இருந்தன, வழிவலை இருந்தது, தூண்டில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் இந்தப் பக்கமும் ராமேஸ்வரத்துக்காரர் அந்தப் பக்கமும் வந்தார்கள், பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். இழுவைமடி அந்தப் பட்டியலில் இல்லை. 1953-இல் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்தின் வழியாக விசைப்படகுத் தொழில்நுட்பம் பரவியது. இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தையில் கிடைத்த விலையைப் பார்த்து அரசே கடனும் மானியமும் கொடுத்து இழுவைப்படகுகளை இறக்கியது. 1974-இல் பாக் விரிகுடாவில் இழுவைமடிக்கு வயது பத்து இருந்தால் அதிகம். பத்து வயதுத் தொழிலுக்குப் ‘பாரம்பரியம்’ என்று பட்டம் கட்டி, அதைக் காட்டி மற்றவன் கடற்கரை வரைக்கும் இழுக்க உரிமை கேட்பது எந்த நீதிமன்றத்திலும் நிற்காது.

இப்படித்தான் தீர்ப்புகளும் வந்திருக்கின்றன. செங்கடலில் ஹனிஷ் தீவுகள் எரித்ரியாவுக்கா ஏமனுக்கா என்று சண்டை வந்தது. 1995-இல் துப்பாக்கிச் சூடே நடந்தது. வழக்கை விசாரித்த நடுவர் மன்றம் 1998-இல் முக்கியமான தீவுகளை ஏமனுக்குக் கொடுத்தது. அதோடு நிற்காமல், இரு கரையின் மீனவர்களும் அந்தக் கடலில் காலங்காலமாகச் செய்துவந்த சிறுதொழில் மீன்பிடிப்பு முன்போலத் தொடர வேண்டும் என்றது. தீவு யாருடையது என்பது ஒன்று, அங்கே யார் மீன் பிடிக்கலாம் என்பது வேறு என்று பிரித்துப் பார்த்தது. அடுத்த ஆண்டுத் தீர்ப்பில், இந்த உரிமை பெருந்தொழில் மீன்பிடிப்புக்குக் கிடையாது என்பதையும் தெளிவாக்கியது. 2016-இல் தென்சீனக் கடல் வழக்கில் வந்த தீர்ப்பும் இதே தடத்தில் போகிறது. ஸ்கார்பரோ திட்டு யாருக்குச் சொந்தம் என்று அந்த மன்றம் தீர்மானிக்கவே இல்லை. தீர்மானிக்காமலே, பிலிப்பைன்ஸின் சிறு மீனவர்களைச் சீனா அங்கிருந்து விரட்டியது சட்ட விரோதம் என்றது. பிராந்தியக் கடலுக்குள் பாரம்பரியச் சிறுதொழில் உரிமை நிலைக்கும், பொருளாதார மண்டலத்தில் நிலைக்காது என்று கோடு போட்டும் காட்டியது.

பாக் விரிகுடா குறுகலானது. இரு நாடுகளும் அதை வரலாற்று நீர்ப்பரப்பாகவே பார்க்கின்றன. எனவே ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி நாட்டுப்படகுக்காரனுக்காக இந்தியா வாதாட இடம் இருக்கிறது. ஆறாவது பிரிவு கையில் இருக்கிறது, ஹனிஷ் தீர்ப்பு இருக்கிறது, ஸ்கார்பரோ தீர்ப்பு இருக்கிறது. தீவு திரும்ப வேண்டும் என்று கேட்காமலே கேட்கக்கூடிய உரிமை இது. ஐம்பது ஆண்டில் எந்தத் தமிழ்நாட்டு அரசும் இந்த வழியில் டெல்லியை நெருக்கியதாக நினைவில்லை. ஏன்? நாட்டுப்படகுக்கு மட்டும் உரிமை கேட்டால் இழுவைப்படகுக்கு இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்லும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் இல்லை.

இழுவைமடி என்ன செய்கிறது என்பதைக் கடற்கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கனத்த பலகைகள் இரண்டு மடியின் வாயை விரித்துப் பிடிக்க, சங்கிலி தரையைக் கிளறிக்கொண்டு வர, பை போன்ற வலை மணிக்கணக்கில் கடலடியில் இழுபடுகிறது. தேடுவது இறாலை. வருவது கடலடியில் உள்ள அத்தனையும்: குஞ்சு மீன், நண்டு, கடல்தாழை, சிப்பி, பாசி. விலை போகாத பொடியைச் ‘சங்காயம்’ என்று ஒதுக்கி மீன்தூள் ஆலைக்கும் கோழித்தீவனத்துக்கும் அனுப்புகிறார்கள். அடுத்த ஆண்டுக்கு மீனாக வேண்டியது இந்த ஆண்டு கோழிக்கு இரையாகிறது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பகுதி பதினைந்து மீட்டரைத் தாண்டாது. கடல்தாழை படர்ந்த அந்தத் தரைதான் மீனுக்கும் இறாலுக்கும் தொட்டில். அதே கடல்தாழையை நம்பி வாழும் கடற்பசுவுக்காகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. நல்ல காரியம். காப்பகத்துக்கு வெளியே அதே தாழை உழுது புரட்டப்படுவதைப் பற்றி அந்த அறிவிப்புக்குக் கவலையில்லை.

இந்தச் சண்டை எல்லைக்கோட்டால் வந்ததல்ல என்பதற்கு நம் சொந்தக் கரையே சாட்சி. எழுபதுகளில் சென்னையிலிருந்து குமரி வரை கட்டுமரக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் மோதினார்கள். வலை அறுந்தது, படகு எரிந்தது, உயிர்களும் போயின. அங்கே எந்த நாட்டின் எல்லையும் இல்லை, எந்தக் கடற்படையும் இல்லை. இதே மோதல் கோவாவிலும் கேரளத்திலும் நடந்ததால்தான் 1976-இல் மத்திய அரசு மஜும்தார் குழுவை அமைத்தது. அது தயாரித்த மாதிரிச் சட்டத்தை ஒட்டியே தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கரையை அடுத்த மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு, அதற்கு அப்பால் விசைப்படகு என்பது அதன் உயிர்நாடி. பாக் விரிகுடாவில் கூடுதலாக நாள் கணக்கும் வைத்தார்கள்: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. 2000-இல், இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை வந்தது. ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. காகிதத்தில் குறை சொல்ல முடியாத சட்டம். கடலில் அது எப்படி நடக்கிறது என்று எந்த நாட்டுப்படகுக்காரனையும் கேட்டுப்பாருங்கள். மூன்று கடல் மைலுக்குள் இழுக்கிற படகை அவன் பெயர் சொல்லிக் காட்டுவான். இரட்டைமடியைத் துறைமுகத்தில் வைத்தே பார்க்கலாம். தன் எல்லைக்குள் தன் சட்டத்தையே நடத்தாத அரசு, அடுத்தவன் எல்லையை நகர்த்தித் தீர்வு தரப்போவதாகச் சொல்கிறது.

விசைப்படகுக்காரர்கள் சொல்லும் பதிலையும் கேட்க வேண்டும், அதில் பொய் இல்லை. ‘மூணு மைல் நாட்டுப்படகுக்கு. அதைத் தாண்டினா பாறை. பாறையைத் தாண்டினா கோடு. நாங்க எங்கதான் இழுக்கிறது?’ சரியான கேள்வி. பதில் என்னவென்றால், இழுக்க இடமில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இழுவைப்படகுகளைத் தாங்கும் கடல் நம் பக்கத்தில் இல்லை, இருந்த காலமும் இல்லை. அந்தக் கூட்டத்துக்குத் தீனி கிடைத்ததற்குக் காரணம் ஒரு போர். 1983-க்குப் பின் கால் நூற்றாண்டு காலம் யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவனைப் பாதுகாப்பு வலயம் என்றும் இரவு மீன்பிடித் தடை என்றும் கரையில் கட்டிப்போட்டார்கள். எஞ்சினுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கட்டுப்பாடு விதித்தார்கள். அந்தக் கடல் ஆளின்றிக் கிடந்தது. நம் விசைப்படகுத் தொழில் பெருத்தது அந்தக் காலத்தில்தான். 2009-க்குப் பிறகு அவன் கடன் வாங்கிப் பதினெட்டடி ஃபைபர் படகும் வலையும் வாங்கிக்கொண்டு கடலுக்குத் திரும்பியபோது அங்கே நம் ஆள் இழுத்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டுத் தமிழுணர்வு வாயடைத்துப்போகிறது. நம் மேடைகளில் இது சிங்களக் கடற்படைக்கும் தமிழ் மீனவனுக்குமான சண்டை. முல்லைத்தீவில் போய்க் கேட்டால், ‘இந்திய றோலர்’, அதாவது நம் இழுவைப்படகு, இரவில் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிறது என்பார்கள். அறுபடும் வலைக்குச் சொந்தக்காரன் போரில் வீடும் பிள்ளையும் இழந்த தமிழன். இலங்கையில் இழுவைமடியை முற்றாகத் தடை செய்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தனிநபர் மசோதா மூலம் வித்திட்டவர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எம்.ஏ. சுமந்திரன். 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகில் போய்ப் போராடியவர்கள் தமிழர்கள். 2024 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு முன் உண்ணாவிரதம் இருந்தவர்களும் தமிழர்கள். வடக்கு மீனவனுக்கு வேறு எதிரிகளும் உண்டு. தெற்கிலிருந்து வரும் படகுகள், கடலட்டைப் பண்ணை, குருநகரில் இன்னும் ஓடும் உள்ளூர் இழுவைப்படகுகள். கொழும்பு அவன் துயரத்தைத் தனக்கு வசதியானபோது மட்டும் நினைத்துக்கொள்கிறது என்பதும் உண்மை. அதனால் அவன் அறுந்த வலைக்கு நம்மிடம் பதில் வேண்டாம் என்றாகிவிடாது. நம் கட்சிகளில் எது அவனைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது?

மீனவர்களே இதைவிட நேர்மையாக இருந்திருக்கிறார்கள். 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவப் பிரதிநிதிகளும் சென்னையில் உட்கார்ந்து பேசினார்கள். ஓராண்டுக்குள் இழுவைமடியைக் கைவிடுவதாகவும், அதுவரை குறிப்பிட்ட சில நாட்களே அந்தப் பக்கம் வருவதாகவும் நம்மவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ‘எங்கள் தொழில் உங்களுக்குக் கெடுதல்’ என்று நேருக்கு நேர் உட்கார்ந்து ஒத்துக்கொள்ள எவ்வளவு மனத்திடம் வேண்டும்! கைவிட்டால் பிழைப்புக்கு என்ன வழி என்று சொல்ல வேண்டிய அரசுகள் அந்த ஓராண்டில் ஒன்றும் செய்யவில்லை. பேச்சு காற்றோடு போயிற்று. அடுத்த தீர்மானம் மறுபடியும் தீவைப் பற்றியதாக வந்தது.

‘மீனுக்கு எல்லை தெரியுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது. அதனாலேயே கோட்டின் இரு பக்கமும் ஒரே சட்டம் வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் இழுவைமடி குற்றம், மறுபக்கம் அதற்கு மானிய டீசல் என்றிருக்கும் வரை எந்தக் கோட்டை எங்கே நகர்த்தினாலும் மீன் மிஞ்சாது. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 123-ஆவது பிரிவு, பாதி மூடிய கடல்களின் கரை நாடுகள் மீன்வளத்தைச் சேர்ந்து பராமரிக்க முயல வேண்டும் என்கிறது. இரு நாடுகளும் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன. பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி மீறலுக்குச் சிறைத் தண்டனை கூடாது என்ற 73-ஆவது பிரிவை நம் வழக்கறிஞர்கள் சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. நல்ல விதிதான். ஆனால் நெடுந்தீவுக்கு அருகில் இருப்பது பொருளாதார மண்டலம் அல்ல, அந்த நாட்டின் உள்நீர்ப்பரப்பு. அங்கே அந்த விதி உதவாது. சிறையிலிருப்பவனின் குடும்பத்துக்குப் பொய் நம்பிக்கை கொடுக்காமலாவது இருக்கலாம்.

தீவு மீட்பு நடக்கக்கூடிய காரியமா என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் அதிகம் தங்க வேண்டியதில்லை. 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் முகுல் ரோத்தகி, ஒப்பந்தத்தால் போன தீவைத் திரும்பப் பெறுவதென்றால் போர்தான் தொடுக்க வேண்டும் என்றார். தேர்தலுக்குத் தேர்தல் கச்சத்தீவு பேசும் அதே ஆட்சியின் வழக்கறிஞர். நம் உச்ச நீதிமன்றமே 1974 ஒப்பந்தம் செல்லாது என்று நாளை சொன்னாலும் அந்தத் தீர்ப்பு கொழும்பைக் கட்டாது. சூழ்நிலை மாறிவிட்டது என்று காரணம் காட்டி எல்லை ஒப்பந்தத்திலிருந்து ஒரு நாடு விலகிக்கொள்ள முடியாது என்பது உலக நாடுகள் ஏற்ற விதி. நாம் கச்சத்தீவைக் கிளறினால் அவர்கள் வெட்ஜ் பேங்கைக் கிளறலாம். இதெல்லாம் டெல்லிக்கும் தெரியும், சென்னைக்கும் தெரியும். நடக்காது என்று தெரிந்தே கேட்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது: கேட்டவன் எதையும் செய்ய வேண்டியதில்லை. மாநிலம் டெல்லியைக் காட்டும், டெல்லி காங்கிரஸைக் காட்டும், காங்கிரஸ் அன்றைய நட்புறவைக் காட்டும். இழுவைமடியைப் பற்றிப் பேசினாலோ மாநிலத்துக்கு உடனே வேலை வந்துவிடும். மூன்று கடல் மைல் தாண்டிய கடலிலும் கலத்தைப் பதிவுசெய்வதும் டோக்கன் கொடுப்பதும் டீசல் மானியம் கொடுப்பதும் மாநில மீன்வளத் துறைதானே.

யார் பிடிபடுகிறான், யார் பிழைக்கிறான் என்பதும் இந்தத் தீவுப் பேச்சில் மறைந்துபோகிறது. படகு முதலாளி பெரும்பாலும் கரையில் இருக்கிறார். கடலில் இருப்பவன் பங்குக்குப் போகும் கூலி. வெலிக்கடையிலும் யாழ்ப்பாணத்திலும் சிறையில் கிடப்பவன் அவன். படகு ஓட்டிக்குத் தண்டனை இன்னும் கடுமை. இலங்கையின் 2018 சட்டத்திருத்தம் அபராதத்தைப் படகின் நீளத்துக்கேற்ப எகிற வைத்துவிட்டது. 2024-இல் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இப்படிப் பிடிபட்டார்கள். முதலாளியையும் நான் வில்லனாக்க மாட்டேன். பலர் ஒற்றைப் படகுக்காரர், அதன் மேல் கடன் மலையாக ஏறியிருக்கிறது. அரசே கொண்டுவந்து கொடுத்த தொழிலிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவரும் பொறுப்பும் அரசுக்குத்தான்.

அந்த முயற்சி ஒருமுறை நடந்தது. 2017-இல் பாக் விரிகுடா இழுவைப்படகுகளை விலக்கி, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் தூண்டில் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. படகொன்றுக்கு 80 லட்சம். அதில் பாதி மத்திய அரசு, ஐந்தில் ஒரு பங்கு மாநிலம், மீதி வங்கிக் கடனும் மீனவர் பங்கும். மூன்று ஆண்டில் இரண்டாயிரம் படகு என்பது இலக்கு. அதன் ஒரு சிறு பகுதியைக்கூட எட்டவில்லை. 80 லட்சத்தில் அந்தப் படகு முடியவில்லை, வங்கி கடன் தரத் தயங்கியது. காலையில் போய் மறுநாள் திரும்பி வந்தவனை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டில் போடு என்றால் அதற்குப் பழக வேண்டும்; பழக்குவதற்கு ஏற்பாடு போதவில்லை. குளச்சல், தூத்தூர்க்காரர்களுக்கு அந்தத் தொழில் கைவந்த கலை. அவர்களைக் கொண்டு ராமேஸ்வரத்தில் கற்றுக்கொடுத்திருக்கலாம். திட்டத்தைத் திருத்தி, தொகையைக் கூட்டி, ஆழ்கடல் போக விரும்பாதவனுக்குப் படகை விட்டுக்கொடுப்பதற்கான நியாயமான விலையை மட்டும் கொடுத்து மறுபடி நடத்தியிருக்க வேண்டும். அதற்காக எந்தக் கட்சி சாலை மறியல் செய்தது?

ஆகவே தமிழ்நாடு கேட்க வேண்டியது வேறு. பாக் விரிகுடாவில் இழுவைமடி எந்த ஆண்டு, எந்த மாதம் முடியும் என்று சட்டமன்றத்தில் தேதி குறிக்க வேண்டும். அதற்குள் ஒவ்வொரு படகுக்கும் விலை வைத்து வாங்கி உடைக்க வேண்டும், கடலுக்குப் போகும் கூலிக்கும் அதில் பங்கு வைக்க வேண்டும். அதைச் செய்து காட்டிவிட்டு, 1974 ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவை முன்வைத்து, நாட்டுப்படகுகளுக்கு எண்ணிக்கையும் நாளும் வகுத்து இரு கரைக்கும் பொதுவான உரிமை கேட்கலாம். வடக்கு மீனவன் எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொள்வான். இழுவைமடியை வைத்துக்கொண்டு போனால் கேட்க மாட்டான்.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர் கச்சத்தீவு என்று தொடங்கினால், இடைமறித்து இரண்டே கேள்வி கேளுங்கள்: இழுவைமடியை எந்தத் தேதியில் நிறுத்துவீர்கள், படகுக்கு என்ன விலை கொடுப்பீர்கள்?